முப்பத்தெட்டாவது பகா எண்

செம்மூட்டம் குடியிருப்பின்மேல் அன்றைக்கும் மீத்தேன் தூறிக்கொண்டிருந்தது. தமயந்தி கடைசி வாய்க் காப்பியை விழுங்கிவிட்டு, வெப்பாடையையும் கண்ணாடி மூச்சுக்கவசத்தையும் அணிந்து, இறக்கைகளை மாட்டிக்கொண்டு வாயிற்கூடத்துக்கு வந்தாள். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய முதுகுக் கொக்கியை அவள் மாட்டிவிட்டாள். அவளுடையதை அவர் மாட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கதவு திறந்ததும் ஆரஞ்சு நிற மூட்டத்துக்குள் ஆளுக்கொரு பக்கமாகப் பறந்து போனார்கள்.

சனியின் பெரிய நிலவான டைட்டனில் இது அன்றாடக் காரியம். அங்கே மனிதனின் எடை பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான். காற்றோ பூமியின் காற்றைவிடப் பல மடங்கு அடர்த்தி. கைகளில் இறக்கையைக் கட்டிக்கொண்டு நாலு தடவை அடித்தால் யாரும் பறக்கலாம். ஆனால் குளிர் அவ்வளவு சுலபமாக விடாது. ஆடைக்குள் ஓடும் வெப்ப இழைகளெல்லாம் முதுகில் ஒரே இடத்தில் வந்து சேரும். அந்தக் கொக்கி சரியாகப் பொருந்தாவிட்டால் பாதி வழியில் தோள் விறைத்துவிடும். தன் முதுகு தனக்கு எட்டாது. அதனால் யாராக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவர் மாட்டிவிட வேண்டும். நம் ஊர்ப் பேருந்தில் முன்னால் நிற்பவரிடம் சில்லறையைக் கொடுத்து டிக்கெட் வாங்குவதுபோல, அதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை.

தமயந்தி செவிக்கூடத்தில் எண்ணியல் அறிஞராக இருந்தாள். நிலவின் மறுபுறத்தில் விரிந்து கிடந்த அலைக்கிண்ணங்கள் விண்வெளியின் சத்தங்களைக் கேட்டு அனுப்ப, அவற்றில் அர்த்தமுள்ளது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது செவிக்கூடத்தின் வேலை. தலைவர் மீரான் பாய். அறுபதைத் தாண்டியவர். குறுந்தாடி, சத்தமான சிரிப்பு. வேலையில் மட்டும் சிரிப்பு கிடையாது.

அவள் உள்ளே நுழைந்ததும் கேட்டார்: “தங்கச்சி எப்படிம்மா இருக்கு?”

“இன்னிக்கு அசைவு நல்லா இருக்காம் பாய். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

டைட்டனில் இதுவரை ஒரு குழந்தைகூட உயிரோடு பிறக்கவில்லை. எடை குறைந்த அந்த இடத்தில் கரு எலும்பு பிடிக்காமல் போய்விடும். தமயந்தியின் தங்கை யாமினி இரண்டு முறை இழந்துவிட்டாள். இந்த மூன்றாவது முறைக்காகத்தான் மருத்துவர்கள் சுழல்கூடம் என்ற ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ராட்டினம்போல அது ஓயாமல் சுற்றும். அதன் விளிம்பறைகளில் இருப்பவர்களுக்குப் பூமியின் எடை கிடைக்கும். மாதக்கணக்கில் யாமினி அங்கேதான் படுத்திருந்தாள். அவள் கணவன் சனியின் வளையங்களில் பனி அள்ளும் கப்பலில் போயிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த எண் வந்தது.

மங்கலான ஒரு விண்மீனின் திசையிலிருந்து வெறும் துடிப்புகளாக வந்தது. துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம் என்று வைத்து எழுதினால் ஒரே ஒரு முழு எண். அது முடிந்ததும் சிறு மௌனம். பிறகு அதே எண் மறுபடியும். நம் இலக்கங்களில் எழுதினால் இரண்டாயிரத்துச் சொச்சம் இலக்கங்கள். படமாக விரித்துப் பார்த்தார்கள், படம் இல்லை. இசையாக்கிக் கேட்டார்கள், பாதியில் யாரோ எழுந்து போய் ஒலிபெருக்கியை அணைத்தார்.

தமயந்தி எண்ணை எண்ணாகவே பார்த்தாள். ஒற்றைப்படை. மூன்றால் வகுபடாது. எந்த எண்ணின் வர்க்கமும் அல்ல. பகா எண்ணும் அல்ல. ஓர் எண் பகு எண்தான் என்பதை அதன் காரணிகள் எவை என்று தெரியாமலேயே நிரூபித்துவிடலாம். வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது, அதுபோல. அந்த ஆட்களை வெளியே கொண்டுவருவதுதான் கடினம். பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்கியதைப் பிரிப்பது இரண்டு சாயங்களைக் கலந்துவிட்டு மறுபடி தனித்தனியாக எடுப்பது மாதிரி. செவிக்கூடத்தின் கணிப்பொறி, அதற்கு ‘எண்ணி’ என்று பெயர், வாரக்கணக்கில் முனகி முடித்தது.

முப்பத்தேழு பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

“தற்செயலா ஒரு பெரிய எண்ணை எடுத்தா இப்படி வராது பாய்,” என்றாள் தமயந்தி. “ரெண்டாலயோ மூணாலயோ வகுபடும், இல்லேன்னா ஒரு காரணி பூதாகாரமா இருக்கும். இது பொறுக்கிக் கோத்த மாலை.”

அடுத்த மாதம் வேறொரு திசையிலிருந்து, வேறொரு விண்மீனிலிருந்து இன்னோர் எண் வந்தது. முதல் எண்ணை இதனால் வகுத்தபோது மீதியில்லாமல் வகுபட்டது. விடை ஒரு பகா எண். மீரான் பாய் அன்றைக்குச் சிரிக்கவே இல்லை. யாரோ ஒருவர் எண்ணைக் கேட்டிருக்கிறார். தனக்கென்று ஒரு பகா எண்ணைத் தேர்ந்து, கேட்டதை அதனால் பெருக்கி, அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டவர் அப்படியே செய்திருக்கிறார். முப்பத்தேழு பகா எண்கள் என்றால் முப்பத்தேழு உலகங்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போட்டுக் கைமாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

செய்தி குடியிருப்பு முழுவதும் பரவியது. அந்த இரண்டு விண்மீன்களுக்கும் நடுவில் ஒரு விண்மீன் என்றைக்கோ வெடித்துச் சாம்பலாகிக் கிடந்தது. “அவங்க வாங்கிக்கிட்டாங்க, அனுப்பலை. அதான் அழிஞ்சாங்க,” என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் சொன்னார். அது வெடித்து எத்தனையோ லட்சம் ஆண்டுகள் ஆயிற்று என்று மீரான் பாய் அறிக்கை விட்டார். அறிக்கையை யாரும் முழுக்கப் படிக்கவில்லை.

எண்ணின் இலக்கங்களைக் குடியிருப்பின் பொதுச்சுவரில் ஒளிரவிட்டது யார் என்று தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் விளையாட்டாகத்தான். தன் அறை எண் அதில் எங்கே வருகிறது என்று ஒருத்தி தேடினாள், இருந்தது. பக்கத்தில் நின்றவரும் தேடினார், இருந்தது. செம்மூட்டத்தில் அறை எண்களெல்லாம் மூன்று இலக்கம். இரண்டாயிரம் இலக்கங்களில் எந்த மூன்றிலக்க எண்ணைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பத்தில் ஒன்று மட்டும் கிடைக்காது. இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றாக இருப்பவருக்கு அது கணக்காகத் தெரிவதில்லை. இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இல்லாதவர்கள் சுவரின் முன் நின்றுகொண்டே இருந்தார்கள்.

தமயந்தி சுழல்கூடத்துக்குப் போனபோது சாப்பாட்டுத் தட்டு அறைக்கு வெளியே, தரையில் இருந்தது. உள்ளே யாமினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“ஏன் தட்டு வெளியே இருக்கு?”

“ஸ்டெல்லா சிஸ்டர் இப்பல்லாம் உள்ளே வர்றதில்லை. அவங்களுக்கும் குழந்தை வேணும்ல.” யாமினி திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன. “அறுநூத்துப் பத்தொன்பது, அக்கா. எத்தனை தடவை தேடினேன் தெரியுமா? இல்லவே இல்லை.”

“படிச்சவதானே நீ?”

“நீ சிரிப்பேன்னு தெரியும். நானும் சிரிச்சவதான். ரெண்டு தடவை வெறும் கையோட வீட்டுக்கு வந்து பாரு, அப்புறம் சிரி.” அவள் அக்காவின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே ஏதோ அழுத்தமாகப் புரண்டது. “அந்த எண்ணை நாம மேலே அனுப்பப் போறோம்னு சொல்றாங்க. பெருக்கினா எல்லா இலக்கமும் மாறிடுமாமே? நீதானே பெருக்கப் போறே?”

தமயந்தி கையை எடுக்கவில்லை.

குடியிருப்பு மன்றம் கூடியது. தலைவர் வேலாயுதம், காற்றாலையைக் கவனிப்பவர், நிதானமானவர், யாரையும் புண்படுத்தாதவர். “நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அனுப்பறதால நமக்கு என்ன குறையப் போகுது?” என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள்.

மீரான் பாய் எழுந்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நமக்குப் பத்து விரல் இருக்கு, அதனால பத்துப் பத்தா எண்ணறோம். எட்டு விரல் இருந்திருந்தா இதே எண்ணை வேற மாதிரி எழுதியிருப்போம். உங்க அறை எண் வேற எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். அனுப்பினவங்களுக்கு விரலே இருக்கான்னு தெரியாது. உங்க அறையைப் பத்தி அவங்களுக்கு என்ன கவலை?”

கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பிறகு அனுப்புவது என்று முடிவாயிற்று. மனித குலத்துக்கான பகா எண்ணைத் தமயந்தி குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும். யாருக்கும் சாதகமாக இருக்கக் கூடாது.

செவிக்கூடத்தில் அவளும் எண்ணியும் மட்டும் இருந்தபோது அவள் முதலில் குருட்டாம்போக்காகத்தான் ஒன்றை எடுத்தாள். அறுபது இலக்கப் பகா எண். பெருக்கினாள். தேடாமல் இருக்கலாம் என்று நினைத்தாள். தேடினாள். 619 இல்லை.

“அடுத்தது,” என்றாள்.

அடுத்த பகா எண்ணில் அது இருந்தது, நடுப்பகுதியில், இரண்டு எட்டுகளுக்கு இடையில். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

“புது எண்ணில் இடம்பெறாத அறைகளின் விவரம் வேண்டுமா?” என்று எண்ணி கேட்டது.

“வேண்டாம்,” என்றாள்.

எண் போயிற்று. அலைக்கிண்ணங்கள் வாயில்லாமல் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. சுவரில் பழைய இலக்கங்கள் அழிந்து புதியவை ஒளிர்ந்தன. கூட்டம் முண்டியது. அழுதுகொண்டிருந்த பலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த சிலர் ஓசையில்லாமல் பின்வாங்கினார்கள். ஸ்டெல்லா யாமினியின் தட்டை உள்ளே கொண்டுபோய்த் தானே ஊட்டிவிட்டாள்.

“என் அறை போச்சும்மா!” என்று மீரான் பாய் தமயந்தியிடம் வந்து சிரித்தார். “இருநூத்து எழுபத்து நாலு. முன்னாடி ரெண்டு எடத்துல இருந்துச்சாம், எதுத்த வீட்டம்மா சொன்னாங்க. இப்போ என்னைப் பார்த்தா கதவைச் சாத்திக்கறாங்க.”

“பாய்…”

“அட, நீ என்ன பண்ணுவே? குருட்டாம்போக்குல எடுத்தது தானே.”

அவள் தலையசைத்தாள்.

யாமினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுழல்கூடத்தின் வாசலைத் தாண்டியும் அழுகைச் சத்தம் கேட்டது என்று சொன்னார்கள். டைட்டனில் யாரும் கேட்டிராத சத்தம். மக்கள் பறந்து வந்து கண்ணாடிச் சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். “எண்ணோட குழந்தை” என்றார்கள். சுழல்கூடத்தைக் கட்டிய மருத்துவர்களும் ஒரு ஓரமாக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தமயந்தி குழந்தையைக் கையில் வாங்கினாள். பூமியின் எடை முழுவதும் அந்த உடம்பில் இருந்தது. உலகத்தில் வேறு எதுவும் தப்பாக இருக்க முடியாது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

அன்று காலை மீரான் பாய் குழந்தையைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தார்.

வாயிற்கூடத்தில் நடந்ததைக் காவல் கண் பதிந்து வைத்திருந்தது. தமயந்தி பிற்பாடு அதைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல் முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வந்த பெண் அவர் முகத்தைப் பார்க்கிறாள், நகர்ந்து போகிறாள். இன்னொருவர் வருகிறார். கையைத் தூக்கிவிட்டு, சூடான எதையோ தொடப்போனவர்போல இழுத்துக்கொள்கிறார். யார் முகத்திலும் வெறுப்பு இல்லை. எல்லார் முகத்திலும் சங்கடம். சிலர் “மன்னிச்சிடுங்க” என்று சொல்லுவதுகூட உதட்டசைவில் தெரிகிறது. மீரான் பாய் முதலில் கேலி பேசுகிறார். பிறகு பேசாமல் நிற்கிறார். கடைசியில் ஒரு நீளக் கரண்டியை வளைத்து, முதுகுக்குப் பின்னால் விட்டு, தானே கொக்கியை மாட்டப் பார்க்கிறார். ஏதோ பட்டென்று பொருந்துகிறது. அவர் முகம் மலர்கிறது. கையில் குழந்தைக்கு ஒரு துணிப்பொம்மை. கதவு திறக்கிறது.

ஏரியின்மேல் பறந்துகொண்டிருந்தபோது அவருடைய தோள்கள் விறைத்தன. இறக்கைகள் விரித்தபடியே இருக்க, அவர் மிக மெதுவாகத்தான் விழுந்திருக்க வேண்டும். டைட்டனில் எல்லாமே மெதுவாகத்தான் விழும்.

“பார்த்தீங்களா?” என்றார்கள் சாப்பாட்டுக் கூடத்தில், குரலைத் தாழ்த்தி. “எண்ணுல இல்லாதவர்.”

தமயந்தி அவருடைய நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். வேறு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை. அவர் இறப்பதற்கு முன் சில கிண்ணங்களை மிகத் தொலைவான ஒரு மூலைக்குத் திருப்பி வைத்திருந்தார். எண்ணின் தொடக்கம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கணித்திருந்தார். யாரும் அதைத் தொடவில்லை. ஒரு பகல் நேரத்தில் எண்ணி அவளைக் கூப்பிட்டது.

அது முதல் உலகத்தின் குரல். எறும்பு ஊர்வதுபோல மெல்லியது. ஆனால் அது எண் அல்ல, பேச்சு. யாரோ யாருக்கோ அனுப்பிய சாதாரணச் செய்தி. ஏற்ற இறக்கங்களோடு, திரும்பத் திரும்ப வரும் சொற்களோடு, துடிப்பும் இடைவெளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்லின் பாதியில் துடிப்பு நின்றுவிடாமல் ஒரேயடியாக நீண்டது. இடைவெளி இல்லை. ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. பிறகு சட்டென்று நின்றது. சிறு மௌனம். அதன் பிறகு, பாதியில் விட்ட அதே சொல் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லப்பட்டு, பேச்சு தொடர்ந்தது.

தமயந்தி அதை மூன்று முறை கேட்டாள். துடிப்பை அனுப்பும் கருவியின் விசைப் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. அல்லது யாரோ அதன்மேல் கையை ஊன்றிவிட்டார்கள். கவனித்ததும் எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த நீண்ட துடிப்பில் நூற்று இருபத்தேழு ஒன்றுகள் இருந்தன. இரண்டை நூற்று இருபத்தேழு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். அது ஒரு பகா எண். முப்பத்தேழு காரணிகளில் மிகச் சிறியது அதுதான். முதலில் பார்த்தபோது, இவ்வளவு அழகான ஒன்றைத் தேர்ந்தவர் பெரிய அறிவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் வியந்திருந்தாள். இரண்டாவது உலகமும் அப்படித்தான் வியந்திருக்கும். வியந்து, பயந்து, தன் எண்ணைச் சேர்த்து அனுப்பியிருக்கும். முப்பத்தாறு உலகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சுவர், அதன்முன் ஒரு கூட்டம், கூட்டத்தின் ஓரத்தில் யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு காத்து நிற்கிறார்.

அவள் மன்றத்தைக் கூட்டச் சொன்னாள். செம்மூட்டமே வந்து நிறைந்தது. அவள் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சிக்கிய விசையைப் பற்றிச் சொன்னாள். தங்கையின் அறைக்காகத் தான் பகா எண்ணைத் தேர்ந்ததையும், விடுபட்டவர்கள் யார் என்று பார்க்க மறுத்ததையும் சொன்னாள். கடைசியாகக் கொக்கிக்கு வந்தாள்.

“மீரான் பாயை எந்த எண்ணும் கொல்லலை. ஒரு கொக்கி. அதை மாட்டிவிட ஒரு கை நீளலை. அவ்வளவுதான். இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. யாரோ தெரியாம கை வெச்சுட்டாங்க.”

சிலர் தலையைக் குனிந்திருந்தார்கள். ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புரிந்துவிட்டது என்று தமயந்திக்குப் பட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் நன்றாக மூச்சு விட்டாள்.

வேலாயுதம் மெதுவாக எழுந்தார். “எத்தனை ஒன்றுன்னு சொன்னீங்கம்மா?”

“நூத்து இருபத்தேழு.”

அவர் விரல் மடக்கினார். “ஒண்ணும் ரெண்டும் ஏழும் பத்து. பத்துன்னா, ஒண்ணும் சுழியமும்…” அவர் ஒரே ஒரு விரலை நீட்டினார். “ஒண்ணு.”

கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பின்வரிசையில் ஒருவன் அந்தப் பகா எண்ணின் முப்பத்தொன்பது இலக்கங்களையும் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டி, கூட்டியதைக் கூட்டி, எழுந்து நின்று கத்தினான்: “இதுவும் ஒண்ணுதான்!”

அது உண்மைதான். தமயந்தியும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டாள். அவளுடைய கை மயிர்களும் சிலிர்த்தன. அதை அவளால் தடுக்க முடியவில்லை.

“அப்போ அந்தப் பெரிய எண் முக்கியமில்லை,” என்றார் வேலாயுதம், கண்கள் ஈரமாக. “அம்மா சொன்னது சரிதான். அதெல்லாம் பின்னால வந்தவங்க சேர்த்தது. அறை எண், அது இது எல்லாம் நம்ம அறியாமை. பாவம், மீரான் பாய். மூலம் இதுதான். கையை வைக்கணும். எடுக்கக் கூடாது.”

சுவரில் ஒளிர்ந்த இலக்கங்களை அன்றே அழித்துவிட்டார்கள். அறைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசுகிறவர்களைப் பார்த்து அந்தக் காலத்து ஆள் என்று சிரித்தார்கள். செவிக்கூடத்தின் நடுவில் பளபளப்பான ஒரு விசையைப் பொருத்தி அலைக்கிண்ணங்களோடு இணைத்தார்கள். அதை ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் விரலை எடுப்பதற்குள் அடுத்தவர் விரல் அதன்மேல் வந்துவிட வேண்டும். முறை வைத்துக்கொண்டார்கள். டைட்டன் ஒரே ஒரு துடிப்பை, இடைவெளியே இல்லாமல், எல்லாத் திசைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. விசை எந்தத் திசை பார்த்து இருந்தால் நல்லது என்று கேட்டுப் பூமியிலிருந்து விசாரணைகள் வரத் தொடங்கின.

தமயந்தி போகவில்லை. ஒருநாள் யாமினியே வந்து நின்றாள், தோளில் குழந்தையோடு.

“பாப்பாவுக்கு இன்னிக்கு முதல் முறை. பெரியம்மா நீ பக்கத்துல இல்லேன்னா எப்படி? உன் நம்பிக்கைக்காக வேண்டாம். எனக்காக வா.”

அவள் போனாள். வரிசை அமைதியாக இருந்தது. எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. முன்னால் நின்றவர் விரலை விசையில் வைத்தபடியே சற்று விலகி வழிவிட்டார். யாமினி குழந்தையைத் தாழ்த்தி, அதன் ஆள்காட்டி விரலைப் பிரித்து, விசையின்மேல் வைத்தாள். குளிர்ந்த உலோகம் பட்டதும் குழந்தை திடுக்கிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டது. அந்தக் கூடத்தில் கையை எடுத்துவிடலாம் என்று அதற்கு மட்டும்தான் தோன்றியது.

“எடுக்கக் கூடாதுடா கண்ணு,” என்று யாமினி அந்த விரலைக் கொஞ்சிப் பிடித்து மறுபடியும் வைத்தாள். விரலுக்கு வலு போதவில்லை. தமயந்தி குனிந்து, தன் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.